போலி பேங்க் ஆப்பைப் பிடித்த கண்கள்

சென்ற வருடம் ஐப்பசி மாதம், ஒரு காலை நேரம். பழவேற்காடு மீன் மார்க்கெட் அருகே எங்கள் மகளிர் குழுக் கூட்டம் முடிந்து கலைந்துகொண்டிருந்தோம். குழுத் தலைவி நான். பி.காம். படித்தவள். மற்ற பெண்களுக்குப் போனில் பேங்க் ஆப் போட்டுக் கொடுத்துப் பழக்கியதும் நான்தான். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. இன்றைக்குள் புது ஆப்புக்கு மாறாவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்று பேங்க் பெயரிலேயே வந்திருந்தது. பதறிப்போனேன். மகளின் நர்சிங் படிப்புக்கான பணம் அதில்தான் இருந்தது. அங்கேயே நின்று ஆப்பை இறக்கினேன். அது கேட்டதற்கெல்லாம் சம்மதம் கொடுத்தேன். கார்டு எண்ணையும் போட்டுவிட்டேன். ரகசிய எண் மட்டும்தான் பாக்கி.

குழுவில் ஒருத்தி, ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள், பக்கத்தில் நின்றிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. எட்டிப் பார்த்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"யக்கா, இரு! இது நம்ம பேங்க் இல்ல."

"இன்னா சொல்ற நீ? பேரு போட்டுக்குது பாரு" என்றேன் எரிச்சலாக.

"பேரு எனக்கு இன்னா தெரியும்? படத்தப் பாத்துதான் நான் தொறக்கறேன். நம்ம படத்துல கோடு இப்டி சாயும். இதுல அப்டி சாயுது."

அவள் போனை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆமாம், கோடு எதிர்ப்பக்கம்தான் சாய்ந்திருந்தது! அந்த நேரம் பார்த்து என் போனுக்கு ஓ.டி.பி. ஒன்று வந்தது. படிப்பதற்குள் தானாக மறைந்தது. எனக்கு வருவதை வேறு யாரோ எடுக்கிறார்கள்!

"ஆஃப் பண்ணுக்கா மொதல்ல!" என்று கத்தினாள்.

போனை அணைத்தேன். கார்டின் பின்னால் இருந்த எண்ணை அவள் போனிலிருந்து கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொன்னேன். பிறகு இருவரும் பேங்குக்கு ஓடினோம். செருப்பு அறுந்தது, நிற்கவில்லை. மேனேஜர் கணினியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவ எடுக்கப் பாத்துருக்காங்க. பணம் போகலம்மா" என்றதும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன்.

அவளோ, "வாக்கா, மத்தவங்களுக்கும் வந்துருக்கும்" என்று இழுத்தாள். மார்க்கெட்டில் ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்தாள். இன்னும் இரண்டு போன்களில் அதே படம்! அந்தப் போன்காரர்கள் இருவரும் அதை அதுவரை திறக்கவில்லை. உடனே அழித்தோம்.

எரிச்சலில் அன்று அவள் கையை உதறியிருந்தால் என்று நினைத்தாலே இன்றும் பகீரென்கிறது. இப்போதெல்லாம் யார் "இரு" என்றாலும், அவர் என்ன படித்தவர் என்று யோசிக்காமல் முதலில் நின்றுவிடுகிறேன்.