படுவான்கரையில் மூன்றாவது அழைப்பு

சென்ற ஆனி மாதம் நான் மட்டக்களப்புக்குப் போனது வாவியைப் பார்க்க அல்ல. கொழும்பில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் வாசுகி, "எங்கட கோயில் திருவிழாவுக்கு இந்த முறை நீயும் வா. வீட்டில இன்னொரு ஆள் நிண்டா நல்லம்" என்று கேட்டாள். ஏன் நல்லம் என்று சொல்லவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். கிழக்கைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பத்திரிகையில் படித்த அளவுதான். சரி என்றேன்.

வாசுகி முன்னதாகவே ஊருக்குப் போய்விட்டாள். நான் கோட்டையிலிருந்து இரவு ஏழு மணி ரயிலைப் பிடித்தேன். விடிவதற்கு முன்பே மட்டக்களப்பு வந்துவிடும். வெளிச்சம் வரும்வரை நிலையத்திலேயே இருந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, குருமண்வெளித் துறைக்கு ஓட்டோ பேசினேன். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், மூவாயிரம் ரூபாய். பஸ்ஸில் போனால் இதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் பஸ்ஸில் போயிருந்தால் ரியாஸைச் சந்தித்திருக்க மாட்டேன்.

ரியாஸ் காத்தான்குடிக்காரர். கல்லடிப் பாலம் தாண்டியதும் கேட்டார்.

"அக்கா எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம்."

"அப்ப உங்களிட்ட குடி கேட்டு வேலையில்ல. எங்கட பக்கம் முதல்ல அதத்தான் கேப்பாங்க. உம்மாட குடி எதுவோ அதுதான் நம்மட குடி. வாப்பாட குடி வாப்பாவோட போயிரும்."

குடி என்பது தாய்வழியாக வரும் பெருங்குடும்பம். பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருப்பார், இந்துக் கோயில்களில் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருப்பார் என்றும் ரியாஸ்தான் விளக்கினார். கோயில் நிர்வாகத்தில் அந்தக் குடிக்காக நிற்பவர் வண்ணக்கர். அவர் காலமானால் அந்த இடம் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும்.

"அப்ப மகனுக்கு என்ன கிடைக்கும்?" என்றேன்.

"வாப்பாட கடன்" என்றார். களுதாவளை வரும்வரை தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

குருமண்வெளியில் வாவியைக் கடக்கப் 'பாதை' இருக்கிறது. மோட்டார் சைக்கிள், மாடு, மனிதர் எல்லாம் ஏறும் தட்டையான மிதவையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். சூரியன் எழும் பக்கமான இந்தக் கரை எழுவான்கரை, படும் பக்கமான எதிர்க்கரை படுவான்கரை. பாதைக்காரர் யார் வீட்டுக்கு என்று கேட்டார். வாசுகி சொல்லித் தந்தபடியே, "வண்ணக்கர் வீட்டுக்கு" என்றேன்.

"அவர் மாசியில மோசம் போயிற்றாரே. இப்ப அது வண்ணக்கர் இல்லாத வீடு" என்றார் அவர்.

வாசுகி சொல்லாமல் விட்டது அதுதான்.

இறந்தவர் அவளுடைய மாமா. அவர் வாழ்ந்தது மனைவியின் வீட்டில், இரண்டு ஒழுங்கை தள்ளி. ஆனால் வண்ணக்கர் வீடு என்று ஊர் சொல்வது அவர் பிறந்த வீட்டை. அங்கே இப்போது இருப்பவர் அவருடைய தங்கை, வாசுகியின் தாய் கனகம்மா. அடுத்த வண்ணக்கராக வரவேண்டியவன் கனகம்மாவின் ஒரே மகன் ரவி. அவன் கட்டாரில் இருக்கிறான். திருவிழாவின் கடைசி நாள் காலையில் குடிகளை வரிசையாக அழைத்து வெற்றிலை கொடுப்பார்கள். அழைக்கும்போது குடிக்காக ஒருவர் எழும்ப வேண்டும். இவர்களுடையது மூன்றாவது அழைப்பு. யாரும் எழும்பாவிட்டால் அடுத்த குடி அந்த இடத்துக்கு ஏறிவிடும். ஏறியது பிறகு இறங்குவதில்லை.

நான் போய்ச் சேர்ந்த அன்று பின்னேரம் ரவி தொலைபேசியில், லீவு கிடைக்கவில்லை என்றான். கனகம்மா "சரி மனே, சாப்பிட்டயா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். விடிந்தால் அழைப்பு.

அங்கே இறந்தவரின் மகன் தேவனும் இருந்தார். தகப்பன் நோயில் கிடந்த காலம் முழுவதும் கோயில் வேலையை ஓடி ஓடிச் செய்தவர் அவர்தானாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "தேவன் எழும்பினால் என்ன?" என்றேன்.

சோறு போட்டுக்கொண்டிருந்த வாசுகியின் கை நின்றது. தேவன்தான் என்னைக் காப்பாற்றினார்.

"நான் எழும்பினா அப்பாட குடிக்குப் பகிடி, அம்மாட குடிக்குக் கோவம். ரெண்டு பக்கமும் அடி வாங்க என்ட முதுகு காணாது அக்கா."

"அவன்ட அப்பாட இடம் எண்டு நினைக்கிறயா மகள்?" என்றார் கனகம்மா என்னிடம், கோபமில்லாமல். "அது எங்கட அம்மாட இடம். அண்ணன் அதில நிண்டவர். அவ்வளவுதான்."

காலையில் கோயிலுக்குப் போனோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சற்று நேரத்தில் இரண்டு வாகனங்களில் ஒரு அரசியல்வாதி வந்தார். வீதியில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். உள்ளே வந்ததும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு நிலத்தில் அமர்ந்தார். தேடிப்பிடித்து முன்னுக்கு அழைக்க யாரும் போகவில்லை.

"அவர் அஞ்சாவது அழைப்பு" என்றாள் வாசுகி காதருகே. "கொழும்பில என்னவா இருந்தாலும் இங்க அவங்கட அம்மாட மகன்."

முதல் குடி. ஒருவர் எழும்பினார். இரண்டாவது குடி. இன்னொருவர். மூன்றாவது குடியின் பெயர் வந்தது. ஆண்கள் பக்கம் யாரும் அசையவில்லை. தேவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழைப்பவர் மறுபடி அழைத்தார்.

"இருக்கம்" என்றது என் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

கனகம்மா எழும்பி நின்றார். அழைப்பவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆர் வாறது?"

"நான்தான் வாறன். அண்ணன் நிண்டது எங்கட அம்மா பெத்ததாலதானே. என்னையும் அவதான் பெத்தவ."

சிரிப்பா முணுமுணுப்பா என்று பிரித்தறிய முடியாத ஒரு சத்தம் எழுந்தது. வண்ணக்கர்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாலாவது குடியின் வண்ணக்கர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். பக்கத்திலிருந்தவர் விஷயத்தைச் சொன்னார். கனகம்மா எழும்பாமல் இருந்திருந்தால் மூன்றாவது இடம் அவருடைய குடிக்குத்தான். அவர் கையூன்றி எழும்பினார்.

"குடி எழும்பிற்று. மறுகா என்ன பார்க்கிறயள்? வெத்திலையக் குடுங்க."

கனகம்மா நடந்துபோய் இரு கையாலும் வாங்கினார். திரும்பி வந்து அமர்ந்து வெற்றிலையை மடியில் வைத்தார். வாசுகி அழுதாள். "மூக்கைத் துடை கா, ஆக்கள் பார்க்கிறாங்க" என்றார் தாய்.

அதிகாரம் என்றால் எனக்கு அலுவலகத்து நாற்காலியும் கையொப்பமும்தான். நாற்காலி காலியானால் யாராவது அதில் உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே அந்த இடத்தைத் தன்னுடையது என்று அங்கிருந்த ஒருவரும் சொல்லவில்லை. எடுத்துக்கொள்ளக்கூடிய அந்த முதியவரே அதைக் காத்துக் கொடுத்ததை நேரில் பார்த்தேன். இதில் எல்லாமே நியாயம் என்று சொல்ல மாட்டேன். பெண்வழியாக வரும் இடத்தில் இவ்வளவு காலமும் ஆண்களே நின்றிருக்கிறார்கள். தேவனின் உழைப்புக்கு அன்று யாரும் பெயர் சொல்லி நன்றி கூறவில்லை. ஆனாலும் அந்தக் காலையில் அங்கே இருக்கக் கிடைத்ததற்கு வாசுகிக்கு நான் நன்றி சொல்லி முடியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆனி, ஆடி மாதங்களில் வெயில் கடுமை. தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் பாதையில் ஏறாதீர்கள். கடைசிப் பாதை எப்போது என்று போகும்போதே கேட்டு வையுங்கள். படுவான்கரைக் கிராமங்களில் தங்குமிடம் தேடினால் கிடைப்பது அரிது. தெரிந்தவர் இல்லையென்றால் நகரத்தில் தங்கிக் காலையில் போய் வரலாம். கோயிலுக்குள் படம் எடுக்கக் கூடாது, அதனால்தான் இந்தப் பதிவில் வாவிப் படங்கள் மட்டும். என்ன குடி என்று யாராவது கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். உங்களை எங்கே வைத்து நினைவில் கொள்வது என்றுதான் கேட்கிறார்கள். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கனகம்மா கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

மறுநாள் காலை திரும்பும்போது அதே பாதைக்காரர். எந்த வீட்டில் நின்றீர்கள் என்று மறுபடி கேட்டார், மறந்துவிட்டார் போலும். இம்முறை நான் கவனமாக, "கனகம்மா வீட்டில" என்றேன்.

அவர் கயிற்றை அவிழ்த்தபடியே திருத்தினார்.

"வண்ணக்கர் வீட்டில எண்டு சொல்லுங்க."