பாஸான பலகை

என் சித்தப்பா ஒரு வருஷமாகக் கடலுக்குள் ஒரு பலகையைத் தொங்கவிட்டு வைத்திருந்தார். அவருக்குச் சாத்தம் மர ஆலையில் அறுப்பு வேலை. எங்கள் வீடு அதே தீவில், மின்னி பேயில். மரத்துக்குள் புகுந்து தின்றுகொண்டே போகும் கடல்புழு ஒன்று உண்டு. பிறகு நான் பிழைக்கப் போன துறைமுகங்களில் எல்லாம் அதைப் பார்த்தேன். அப்பாவின் பழைய படகு அந்தப் புழுவால்தான் கடலில் பிளந்தது. அவர் நீந்திக் கரை சேர்ந்தார். அடுத்த படகுக்குப் பூசுவதற்காகத் தாரும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் இன்னும் என்னென்னவோவும் காய்ச்சி, சித்தப்பா ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். அதைப் பூசிய பலகை அது.

மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த மர ஆராய்ச்சி அதிகாரி ஒருவரை அவர் எப்படியோ கூட்டிவந்துவிட்டார். அதிகாரி பலகையைத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், "ஏக்தம் பக்கா", ஒரு குறையும் இல்லை, என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் வகுப்பில் இரண்டு முறை தங்கிவிட்ட எனக்கு, மார்க் போடுவது யார் வேலை என்பதில் சந்தேகமே இல்லை. முழுக்கால் சட்டை போட்டவர் வேலை. பலகையைத் தெருவெல்லாம் தூக்கிக் காட்டினேன்.

அம்மாவுக்கு அது போதவில்லை.

"உள்ள பாத்தாரா?"

"மைனி, பெரிய ஆபீசர் சாபே சொல்லிட்டாரு."

"அந்தச் சாபா படகுல போவப்போறாரு? உங்க அண்ணன்லா போறாரு. அறுத்துப் பாரும்."

"அறுத்தா பலகை போயிருமே!"

"போவட்டும்."

சித்தப்பா பலகையை இரண்டு கட்டைகள்மேல் கிடத்தினார். பிறகு அவரே ரம்பத்தை எடுத்தார். நான் பலகைமேல் ஏறி உட்கார்ந்து அழுதேன். அப்பாதான் என்னைத் தூக்கி இறக்கினார்.

மேலே குண்டூசி முனையளவு ஓட்டைகள். உள்ளே சுண்டுவிரல் நுழையும் பாதைகள், புழுவோடு.

"என்னவே, உம்ம மருந்த ருசிச்சுல்லா தின்னுருக்கு!" என்றார் பக்கத்து வீட்டு மாமா. எல்லோரும் சிரித்தார்கள், சித்தப்பாவும்தான். அப்போதே வேறொரு பலகையை எடுத்து, புது மருந்து பூசி ஒவ்வொன்றாக அறுத்துப் பார்க்கத் தோதாகத் துண்டுகளாக்கினார்.

"மைனி, இந்தத் தடவ எப்ப அறுக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

மத்தியானம் அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஃபெயிலானவருக்கு எப்படி இப்படிப் பசிக்கிறது என்று எதிரே உட்கார்ந்து ஆச்சரியமாகப் பார்த்தேன். அவருக்குப் பக்கத்தில், அந்த மருந்தை நம்பிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய அப்பா முள் எடுத்து மீன் தின்றுகொண்டிருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.