மாத்திரை எண்ணிய கஸ்பர்

கஸ்பர் ஐயாவிடம் மருந்து வாங்குவதைவிடப் பிரஜாவுரிமை வாங்குவது சுலபம் என்று எங்கள் தோட்டத்தில் சொல்வார்கள். மனுப் போட்டுப் பத்து வருஷம் அலைந்த ஆட்களே அப்படிச் சொன்னார்கள் என்றால், மனிதர் எப்பேர்ப்பட்டவர் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர் அவர். பிரசவம் பார்க்கும் நர்ஸாக நான் எழுபத்தேழில் வந்து சேர்ந்தபோது, அவர் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் பெயர் டோரீன். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இந்தக் கதையில் அந்த வாய் என்ன செய்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். போன தடவை கொடுத்த மாத்திரையில் மிச்சம் இருப்பதைக் கொண்டுவந்து காட்டினால்தான் புது மாத்திரை. எனாமல் தட்டில் அதைக் கொட்டி, பட்டர் பூசும் கத்தியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவார். கணக்கு இடித்தால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. "எண்ணாம குடுத்தா அது மருந்து இல்ல, மிட்டாய்" என்பார். எண்ணி முடித்த பிறகு அடுத்த கேள்வி: "எப்படி முழுங்குன? செஞ்சு காட்டு."

செஞ்சு காட்டச் சொன்னதில்தான் எத்தனை வேடிக்கை! ஆண்டியப்பன் காய்ச்சல் மாத்திரை, வயிற்று மாத்திரை, மனைவியின் தலைவலி மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பால்மா டின்னில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்ததை விழுங்குவான். "எல்லாம் நீங்க குடுத்ததுதானுங்களே ஐயா, ஒண்ணோட ஒண்ணு சண்டையா போடப்போகுது?" என்று கேட்டான். மூக்கன் மிச்சத்தைக் காட்ட வெட்கப்பட்டுக் கோழிக்குப் போட்டுவிட்டு, முழுதும் விழுங்கியதாகச் சாதித்தான். இரண்டு நாள் தலை தொங்கிக் கிடந்த கோழி அவனைக் காட்டிக்கொடுத்தது. இருமல் மருந்தைத் தொண்டைக்கு வெளியே தேய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கஸ்பர் ஐயா யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. டின்னைக் கொட்டிப் பிரித்து, கடதாசியில் சூரியனும் நிலாவும் வரைந்து, இது காலையில், இது ராத்திரியில் என்று மடித்துக் கொடுப்பார். அந்தச் சூரியனைத் தான் வரைந்த அழகை நாம் பாராட்ட வேண்டும் என்று ஒரு நிமிஷம் நிற்பார். மனிதருக்குப் புகழ்ச்சி என்றால் உயிர். பாராட்டாவிட்டால் அன்று அவரிடமிருந்து எனக்குப் பஞ்சு கூடச் சரியாக வராது.

எண்பத்தொன்றாம் வருஷம் பூரணிக்கு இரண்டாவது பிள்ளை உண்டானது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் மூன்றாம் நம்பர் லயத்துப் பெண். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிழைத்ததே பெரிய காரியம் என்று திரும்பி வந்தவள். அதனால் இந்த முறை தொடக்கத்திலிருந்தே அவள் மேல் கண் வைத்திருந்தேன். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஒற்றுத்தாளில் எடுத்து, நிறப் புத்தகத்தில் இருக்கும் சிவப்புகளோடு ஒட்டிப் பார்ப்போம். பூரணியின் ரத்தம் நூற்றுக்கு ஐம்பதில் நின்றது. சிவப்பு என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. இரும்பு மாத்திரை ஆறு வாரமாகக் கொடுத்தாயிற்று. ஆறாவது மாதம் முடியும்போது மறுபடி குத்திப் பார்த்தேன். அதே ஐம்பது. மாதம் ஒருமுறை ஹட்டனிலிருந்து வரும் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இதே ரத்தத்தோடு பிரசவம் நடந்து, போன முறை மாதிரிப் போகத் தொடங்கினால், லொறி ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும் என்று சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிஸ்பென்சரி வாசல் இஸ்தோப்பில் பத்துப் பெண்கள் நிற்க, அத்தனை பேருக்கும் நடுவே கேட்டேன்.

"மாத்திரைய எங்கடி வீசுற? தண்ணி ஓடுற கானுலயா, கக்கூஸ்லயா?"

"வீசலைங்க நர்ஸம்மா. தெனமும் முழுங்குறேங்க."

"முழுங்குனா ரத்தம் எங்க போச்சு? பொய் சொல்லாத!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஆரம்பித்து வைத்ததை லயம் முடித்துவைத்தது. மாமியார் ராசம்மா, "எம் மகன் வம்சத்தையே கானுல ஊத்துறா" என்று குழாயடியில் நின்று பேசினாள். கஸ்பர் ஐயா எண்ணியபோது அவள் கணக்கு மட்டும் ஒரு தடவைகூட இடித்ததில்லை. ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தால் விழுங்கினாள் என்று அர்த்தமா? மூக்கனின் கோழியும் எண்ணிக்கையைச் சரியாகத்தானே வைத்திருந்தது?

"லயத்துக்கே போயி ஒரு கை பாத்துட்டு வர்றேன்" என்று புறப்பட்டார் கஸ்பர் ஐயா. வேடிக்கை பார்க்க நானும் போனேன். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு முந்திய நேரம். வாசலுக்குப் போகாமல் மனிதர் நேராக லயத்துப் பின்பக்கம் போனார். ஒரு குச்சியை எடுத்துக் கானைக் கிளறினார். மீன் முள், சாம்பல், பழைய சீப்பு, எல்லாம் வந்தது. மாத்திரை வரவில்லை. குச்சியைப் போட்டுவிட்டு, எதுவும் நடக்காதவர் மாதிரி முன்பக்கம் வந்து இருமினார்.

பூரணி மாத்திரைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். எண்ணினார். சரி.

"எப்படி முழுங்குவ? செஞ்சு காட்டு."

அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. தகரப் பேணியில் பால் விடாத சாயத்தண்ணி ஊற்றினாள். லயத்துச் சாயத்தண்ணி தெரியும்தானே, தேயிலைத் தூளை அள்ளிப் போட்டு, பேணியின் அடி தெரியாத அளவுக்கு. மாத்திரையை நாக்கில் வைத்து, ஒரு மிடறு, இரண்டு மிடறு. விழுங்கிவிட்டு வாயைத் திறந்தும் காட்டினாள்.

கஸ்பர் ஐயா பேணிக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னொரு பேணி ஊத்து" என்றார். பொட்டலத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, மேலே இருந்த பூச்சைச் சுரண்டி, அம்மிக் கல்லில் நசுக்கி, அந்தப் பேணியில் போட்டுக் கலக்கினார். வாசலில் கூடிவிட்ட லயத்து ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாயத்தண்ணி மை போலக் கறுத்தது. கங்காணி பேனாவில் ஊற்றிப் பேர் எழுதலாம், அப்படி ஒரு கறுப்பு.

"பாத்தீங்களா டோரீன்? ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, வந்த வழியே வெளியே போயிருது. இவ ஒடம்புக்கு என்னா சேரும்? எங்கேயோ படிச்சிருந்தேன், மறந்தே போச்சு." தன் நெற்றியில் தானே ஒன்று போட்டுக்கொண்டார். பூரணியிடம், "ஏம் புள்ள, தண்ணியில முழுங்குனா என்னா?" என்று கேட்டார்.

"நர்ஸம்மாதாங்க சொன்னாங்க, கொதிக்காத தண்ணிய வாயிலயே வைக்கக் கூடாதுன்னு. லயத்துல சாயத்தண்ணிய விட்டா கொதிச்ச தண்ணி வேற என்னாங்க இருக்கு?"

நான் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் ஏதாவது செய்ய வேண்டுமே.

அன்றிலிருந்து பூரணிக்குப் புதுச் சட்டம். கொதித்து ஆறிய தண்ணீரில் மாத்திரை. கிடைத்தால் கூடவே ஒரு கொய்யாப்பழம். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் சாயத்தண்ணி கிடையாது. மறுநாள் எட்டு மணிக்குள் மூன்றாம் நம்பர் லயத்துச் செய்தி பெரட்டுக்களத்துக்கு வந்துவிட்டது. வரும் வழியில் அது வளர்ந்தும்விட்டது. சாயத்தண்ணி குடித்தால் ரத்தம் கறுத்துவிடும் என்று டிஸ்பென்சரி ஐயா கரைத்தே காட்டினாராம். மூக்கன் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் போய், "அப்ப இத்தன வருஷமா வெசத்தையா ஐயா பறிச்சுக்கிட்டிருக்கோம்? வெசத்துக்கு வேற சம்பளம் இருக்கணுமே?" என்று கேட்டிருக்கிறான். பத்து மணிக்குத் தேத்தண்ணி வாளி மலைக்குப் போய், போனபடியே திரும்பி வந்தது.

தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை கூப்பிட்டனுப்பினார். நானும் சாட்சிக்குப் போக வேண்டியதாயிற்று. தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த சிங்களத் தொரை. தமிழ் நன்றாகவே பேசுவார், கோபம் வந்தால் இன்னும் நன்றாக.

"கஸ்பர், நீ சம்பளம் வாங்குறது தேயிலையில. அந்தத் தேயிலைய வெசம்னு சொல்றியா?"

"ஐயோ சேர், தேயிலைய நான் ஒண்ணும் சொல்லல. மாத்திரையும் நல்ல ஆளு, தேயிலையும் நல்ல ஆளு. ரெண்டு பேரையும் ஒரே பஸ்ல ஏத்தாதீங்கன்னுதான் சொன்னேன்."

தொரை கொஞ்ச நேரம் மேசையைத் தட்டினார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நம்ம வீட்டு நோனாவும் அந்த மாத்திரைய டீயோடதான் போடுறா. எத்தன மணி நேரம் விடணும்?"

கஸ்பர் ஐயா ஒரு கடதாசி வாங்கி, அங்கேயே சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தார். வழக்கம்போல ஒரு நிமிஷம் நின்றார். தொரை பாராட்டவில்லை, ஆனால் வேலை தப்பியது.

நாங்கள் எல்லாரும் சிரித்தோம் என்றாலும், நான் நாளை எண்ணத் தொடங்கியிருந்தேன். கணக்கு எளியது. மூன்று மாதத்துக்குள் பூரணியின் ரத்தம் ஏற வேண்டும். இரண்டு வாரத்தில் குத்திப் பார்த்தேன், ஐம்பத்தைந்து போலத் தெரிந்தது. என் கண்ணை நானே நம்பாமல் கஸ்பர் ஐயாவிடம் தாளைக் கொடுத்தேன். அவர் ஜன்னலடியில் போய் நின்று, புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஐம்பத்தைந்தேதான் என்றார். ஏழாம் மாதக் கடைசியில் அறுபது. ஒன்பதாம் மாதம் எழுபது. எழுபதைப் பார்த்த அன்று அந்த மனிதர் டிஸ்பென்சரிக் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் பாடியதை நான் கேட்டேன். சகிக்க முடியாத குரல்.

பிரசவம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், என் கையில். பெண் பிள்ளை. பிள்ளைக்குப் பின்னால் ரத்தம் போகத்தான் செய்தது, போன முறை மாதிரியே. ஊசி போட்டு, வயிற்றைப் பிசைந்து, மாதாவைக் கூப்பிட்டு, கடைசியில் நின்றது. பூரணி வெளுத்துப் போனாள், ஆனால் கண் திறந்தே இருந்தது. அந்த எழுபதுதான் அவளைத் தாங்கியது. பழைய ஐம்பதாக இருந்திருந்தால் என்று நினைக்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை.

ஒன்பதாம் நாள் பிள்ளையை நிறுக்க லயத்துக்குப் போனேன். மாத்திரை எண்ணுகிற சாக்கில் கஸ்பர் ஐயாவும் கூட வந்தார். நிஜத்தில் பாராட்டு வாங்கத்தான் வந்தார் என்பது எனக்குத் தெரியும். ராசம்மா பாய் போட்டு உட்காரவைத்தாள். லயத்துப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பூரணி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தோட்டமே என்னய பொய்காரின்னு சொன்னப்ப, நீங்க ஒருத்தருதாங்க ஐயா என்னய நம்பி வந்தீங்க."

வாழ்நாள் முழுதும் அவர் காத்திருந்த புகழ்ச்சி அது. சும்மா தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"இல்ல பூரணி. நம்பி வரல. ஒன்னயப் புடிக்கத்தான் வந்தேன். மாத்திரைய எங்க வீசுறேன்னு பாக்கத்தான்."

வாசலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூரணி மட்டும் சிரித்தாள்.

"தெரியுங்க ஐயா. பின்னால கானைக் கிளறுனத ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கிளறிப் பாத்து, எண்ணிப் பாத்து, பெறகாவது நம்புனீங்கல்ல? மத்தவங்க யாரும் எண்ணிப் பாக்கக்கூட வரலீங்களே."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பிள்ளையை அவள் மடியிலிருந்து வாங்கித் தராசில் வைத்த நான், முள் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.