பெரிய வெள்ளியன்று பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு

பீரோவிலிருந்து வெள்ளை அங்கிகளை எடுத்து உதறும்போது எழும் "பாச்சா உருண்டை" நெடியும், கழுத்துப் பட்டையில் தங்கிப்போன பழைய வியர்வையின் புளிப்பும்தான் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எனக்குப் பண்டிகை வாசனை. மேற்குத் தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த எங்கள் தேவாலயத்தின் பாடகர் குழுவில், பள்ளிச் சிறுமியான நான் முன்வரிசையில் நின்றேன். குழுவை நடத்திய ஜெபமணி சார் வார நாட்களில் ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளி ஒன்றில் இசை ஆசிரியர். எங்களுக்கு அவர் "பாட்டு சார்".

சனிக்கிழமைப் பயிற்சியின் நடுவே மின்சார ரயில் கடக்கும்போது எங்கள் பாட்டு எங்களுக்கே கேட்காது. அப்போது நிறுத்துகிறவர்களைத்தான் சார் திட்டுவார். "காதுதானே போச்சு, கண்ணு இருக்கில்ல? என் கையப் பாரு. கை போனா நீயும் போ." ரயில் போன பிறகு பார்த்தால் எல்லோரும் ஒரே சொல்லில் இருப்போம். தாளைப் பார்த்துப் பாடவும் அவர் விட்டதில்லை. முதல் வரியை முனகிக் காட்டுவார், கை எழும், பாடுவோம்.

பிறகு அவருக்கு மறதி வந்தது. குழுவில் பாடிய அவர் மனைவி எஸ்தர் ஆன்ட்டி, சட்டைக் காலரைச் சரிசெய்யும் சாக்கில் அடுத்த பாட்டை அவர் காதில் சொல்வதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தோம். "சர்ச் கமிட்டிக்குத் தெரிஞ்சா குழுவ இவருகிட்டேருந்து பிடுங்கிடுவாங்க. அது இல்லேன்னா இந்த மனுஷன் அவ்ளோதான்" என்று ஆன்ட்டி என் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

இயேசுவின் மரணத்தை நினைக்கும் அந்தப் பெரிய வெள்ளியின் நடுப்பகல் ஆராதனையில், மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்ட அமைதியில், ஆன்ட்டி நெருங்குவதற்குள் சார் எழுந்து எங்கள் முன் வந்துவிட்டார். அவர் முனகிக் காட்டியது கிறிஸ்துமஸ் பாட்டு. பின்வரிசையில் ஓர் அண்ணன் "மச்சான், இது டிசம்பர் பாட்டுடா" என்று முணுமுணுத்தார். கை எழுந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. கை மறுபடி அசைந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. முதலில் பாடியவர் எஸ்தர் ஆன்ட்டி. அந்தக் குரலுக்குப் பின்னால் நாங்களும் போனோம். கறுப்புத் துணி விரித்த பீடத்துக்கு முன்னால், பாலகன் பிறந்த சந்தோஷத்தை நான்கு குரலில் பிசகில்லாமல் கடைசி வரி வரை பாடி முடித்தோம்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் சாரைப் பக்கத்து அறைக்கு அழைத்தார். "சார், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க சார்."

"ஏன், நல்லாத்தானே பாடினாங்க?" என்று சார் வாசலில் நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

அதன் பிறகும் சனிக்கிழமை மாலைகளில் அவர் இஸ்திரி போட்ட சட்டையுடன் கிளம்பி நிற்பாராம். "இன்னிக்குப் பிராக்டீஸ் இல்லீங்க" என்று ஆன்ட்டி ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சொல்லியிருக்கிறார். சார் இறந்தபோது குழுவே இல்லை. அடக்க ஆராதனையில் செல்போனிலிருந்து ஒரு பாட்டை ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

இன்று சாரின் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. கூடப் பாடியவர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். சென்ற மாதம், பம்மலில் மகள் வீட்டில் இருக்கும் ஆன்ட்டியைப் பார்க்கப் போனேன். வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் கேட்டார்: "அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா, அவரே புரிஞ்சிக்கினு வேற பாட்டுக்கு மாத்தியிருப்பாரு, இல்லம்மா?"

இல்லை ஆன்ட்டி, மாத்தியிருக்க மாட்டாரு என்றேன். அவர் நம்பவில்லை. நானும் நம்பிச் சொல்லவில்லை.