பாகிடிஸ்கஸ் வாத்தியாரும் என் கிடங்குக் குழியும்

திண்டிவனம் மண்டியில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, விலை பேசிக்கொண்டிருந்தேன். எடை போடும் முருகன் வந்து, "மொதலாளி, விழுப்புரத்து நத்தைக்கல்லு வாத்தியாரு பூட்டாராம்" என்றார். பேச்சை முடித்துவிட்டுத்தான் சாவுக்குக் கிளம்பினேன். நிலவியல் பேராசிரியர் சபாபதி அவர்களை அறிந்தவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அவரைப் பிடிக்காது.

மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவன் நான். சொந்தமாக ஒரு கிடங்கு வேண்டுமென்று வானூர்ப் பக்கம் நிலம் வாங்கி, மழைக்கு முன்னால் முடிக்கும் அவசரத்தில் அஸ்திவாரம் தோண்டினேன். மண்ணிலிருந்து வட்டவட்டமாகச் சுருண்ட கற்கள் வந்தன. சில சாப்பாட்டுத் தட்டு அகலம். நத்தைக்கல் என்றார்கள் ஆட்கள். மறுநாளே பேராசிரியர் ஸ்கூட்டரில் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக் குழிக்குள் இறங்கிவிட்டார்.

"இது நத்தை இல்லய்யா, அம்மோனைட்டு. பாகிடிஸ்கஸ்னு பேரு. இங்க கடல் இருந்தப்போ நீஞ்சிக்கினு இருந்தது."

"பாக்கியோ கீக்கியோ, மேல வாங்க சார். பொக்லைன் நிக்குது."

"ஓட்டச் சொல்லு. என் மேல ஓட்டச் சொல்லு, மல்லாட்டை!"

கடைசிவரை என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

எங்கோ போய்த் தடை வாங்கி வந்தார். ஆய்வு செய்ய ஆள் வரும்வரை ஒரு பிடி மண்கூடப் போடக் கூடாது என்றார். ஆள் வரவில்லை, மழை வந்தது. தண்ணீர் வடிந்தபின் பார்த்தால், முத்துப்போல மினுங்கிய ஓடுகள் உரிந்து, கற்கள் நொறுங்கிச் சேறோடு சேறாய்க் கிடந்தன. தடைக்கு முன்னால் ஒரு பக்கம் எழுப்பியிருந்த சுவரும் சரிந்திருந்தது.

பேராசிரியர் கரையில் நின்று பார்த்தார். "மூடி வெச்சிருக்கலாமேய்யா" என்றார்.

"யோவ்! மூடக் கூடாதுன்னு குழியில நின்னது யாரு? கல்லும் போச்சு, கெடங்கும் போச்சு. உன்னால பேஜாரு!"

அவர் சேற்றில் இறங்கி இரு கைகளாலும் துழாவினார். ஒன்றும் தேறவில்லை. ஆனால் அதற்கப்புறம் பேசிய கூட்டங்களில் எல்லாம், "ஒரு கடலைக்காரன் கடலையே அழிச்சிட்டான்" என்றார். சிரித்துக் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

விழுப்புரத்தில் பாடை தயாராக இருந்தது. அலமாரியில் அவர் வைத்திருந்த பாகிடிஸ்கஸ் ஒன்றை மார்பில் வைத்து, மேலே அவர் கைகளைச் சேர்த்திருந்தார் மகன்.

"எரிக்கத்தானே போறீங்க? இது சுண்ணாம்புக்கல்லு தம்பி. வெந்தா பொடியாப் பூடும்."

"அப்பாவுக்கு அது உசுருங்க."

"அதான் சொல்றேன்."

விறைத்த விரல்கள் விடவில்லை. செத்தும் பிடிவாதம். ஊரே பார்க்க, ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கல்லை எடுத்தேன். மகனிடம் நீட்டினேன். "நீங்களே வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவர் கொள்ளிச்சட்டியை எடுக்கப் போனார்.

கல் என்னிடம்தான் இருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் எழுந்து வந்து சண்டை போடுங்கள், ஐயா. இல்லையென்றால் போய்வாருங்கள்.