ஒரிஜினல் இலையுதிர் காலம்

நாங்கள் மாடி கட்டி முடித்ததற்குப் பரிசாக, கனடாவில் இருக்கும் என் பள்ளித் தோழி ஒரு பெரிய பார்சல் அனுப்பியிருந்தாள். அவளும் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்காரிதான். அவள் அப்பா வீட்டிலும் இரண்டு தறி ஓடியது. பிரித்தால், உள்ளே ஒரு ஓவியம். ஏரி, கரையோரம் மரங்கள், மரத்தில் பாதி இலை, தரையில் மீதி இலை. கூடவே ஒரு சீட்டு: 'ஒரிஜினல் ஆயில் பெயிண்டிங். இலையுதிர் காலம். பிடித்திருக்கிறதா என்று நிஜத்தைச் சொல்.'

எங்கள் ஊரில் இலை உதிர்ந்தால் பெருக்கித் தள்ளுவோம். அதைப் படம் போடலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஆனாலும் எனக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. பட்டில் அரக்கு, மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு என்று சொல்வோமே, அத்தனை நிறமும் அதில் இருந்தது.

என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து தூரத்தில் நின்று பார்த்தார்.

"தென்னேரி ஏரிக்கு மஞ்சகாமாலை வந்தாப்புல இருக்குது."

"ஒரிஜினலாங்க" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. முப்பது வருடமாகப் பட்டு நெய்கிறவர். எங்கள் ஊரில் போலிப் பட்டு விற்கிற கடையின் போர்டில்தான் 'ஒரிஜினல்' பெரிய எழுத்தில் இருக்கும் என்பது அவர் கட்சி. உடனே ஓவியத்தைக் கவிழ்த்துப் போட்டார். எந்தத் துணி கைக்கு வந்தாலும் அவர் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். பெண் பார்க்க வந்தபோதும் என் முகத்தை விட்டுவிட்டு முந்தானையைத்தான் உள்பக்கம் புரட்டிப் பார்த்தார்.

நான் காபி கலந்து எடுத்து வருவதற்குள், சட்டத்துக்குப் பின்னால் மடித்து ஆணி அடித்திருந்த படத்துணி ஓரத்திலிருந்து நெடுக்கே பாவில் இரண்டு இழை, குறுக்கே ஊடையில் இரண்டு இழை உருவிவிட்டார். தீப்பெட்டியும் கையில் தயார்.

"என்னாங்க பண்றீங்க!"

"இருமா. டெஸ்ட்டு."

கொளுத்தினார். முகர்ந்தார். பட்டு என்றால் முடி தீய்ந்த வாசனை வரும்.

"காயிதம் தீஞ்ச வாசன வருது. டூப்ளிகேட்டு. உன் ஃபிரெண்ட எவனோ நல்லா ஏமாத்திட்டாம்மா."

"படத்த யாருங்க பட்டுல வரைவாங்க?"

"அப்புறம் எதுக்கு ஒரிஜினல்னு எழுதணும்?"

இந்த மனிதரோடு வாதாடுவதற்குச் சிக்கு விழுந்த நூலைப் பிரிக்கலாம். டூப்ளிகேட்டைக் கூடத்தில் மாட்ட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். நாலு வியாபாரி வந்து போகிற இடமாம், நாளைக்கு நம் புடவையையே சந்தேகப்படுவார்களாம். ஓவியத்தை பீரோவுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். 'ரொம்பப் பிடித்திருக்கிறது, கூடத்தில் மாட்டிவிட்டோம்' என்று தோழிக்கு மெசேஜ் அனுப்பினேன். பாதிதான் பொய்.

அந்தப் பாதி ஆறு மாதம் கழித்து வந்து கழுத்தைப் பிடித்தது. 'ஊருக்கு வந்திருக்கிறேன், வியாழக்கிழமை உன் வீட்டில் சாப்பாடு' என்று தோழி போன் செய்தாள். பள்ளியில் கூடப் படித்தவர்களில் இன்னும் வாரம் தவறாமல் எனக்குப் போன் செய்கிறவள் அவள் ஒருத்திதான். அவளையும் இழந்துவிட்டு, ஒரு தீக்குச்சியினால் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? புதன்கிழமை நானே ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்தேன். அதில் ஓர் அடி என் விரலில் விழுந்தது. வீட்டுக்காரர், "ஒரு நாளைக்குத்தான்" என்று கண்டிஷன் போட்டார்.

தோழி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நேராக ஓவியத்தின் முன் போய் நின்றாள். அப்புறம் எனக்கு உயிரே போய்விட்டது. அதைக் கழற்றித் திருப்பினாள். தறிக்காரர் வீட்டுப் பெண் வேறு என்ன செய்வாள்? மறந்துபோனது என் தப்பு.

ஓரத்தில் விரலை ஓட்டினாள். இழை போன இடத்தில் விரல் நின்றது.

"அண்ணா, கொளுத்திப் பாத்தீங்களா?"

வீட்டுக்காரர் தறியில் புதிதாக ஏதோ அறுந்துவிட்டதைப் போலக் குனிந்துகொண்டார்.

"இது நான் போட்டதுண்ணா. எங்க வீட்டு ஜன்னல்ல தெரியற ஏரி. அவர் போனப்புறம் கத்துக்கினேன்."

அவள் கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. தீக்குச்சி கிழித்தவரைவிட, பீரோவுக்குப் பின்னால் தள்ளிய நான்தான் பெரிய குற்றவாளி என்று தோன்றியது.

"மொதல்லயே சொல்றது இல்லியாமா?" என்றார் வீட்டுக்காரர், குரலே எழும்பாமல்.

"சொல்லி இருந்தா நல்லா இருக்குதுன்னு தானே சொல்லி இருப்பீங்க?" அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "அங்க எத்தினி பேருக்குக் காட்டினேன் தெரியுமா? எல்லாரும் பியூட்டிஃபுல்னு சொல்லிட்டு காபி குடிக்கப் போய்ட்டாங்க. ஒருத்தர்கூட திருப்பிப் பாக்கலடி."

சாப்பிட்டு முடித்ததும் அந்த உருவின ஓரத்துக்கு வீட்டுக்காரரே ஊசி நூல் எடுத்து இழை கோத்தார். தோழி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் நெருக்கிண்ணா" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

ஓவியம் இப்போதும் கூடத்தில்தான் இருக்கிறது. போன வாரம் வந்த வியாபாரி ஒருவர், பிரிண்டா என்று கேட்டுவிட்டார். வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்.

"ஒரிஜினலுபா. நானே கொளுத்திப் பாத்துட்டேன்."