இசோநாமியின் குடுமி

இசோநாமியின் குடுமி பதினெட்டு வருஷம் என் கையில் இருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் சுமோ கூடத்து மல்லர்களுக்குத் தலைவாரி, மெழுகு தடவி, குடுமி கட்டுவதுதான் என் வேலை. இசோநாமி கோத்தோ தீவிலிருந்து பதினைந்து வயதில் மல்லனாக வந்தவன். முடி வளர்ந்த முதல் வருஷமே என் சீப்பில் இரண்டு பல்லை உடைத்தான். அவ்வளவு அடர்த்தி.

இருபத்தாறில் கொட்ட ஆரம்பித்தது. மற்றவர்களுக்குக் குடுமி படிந்து உட்கார வேண்டுமென்று உச்சியில் நானே மழித்துவிடுவேன். இவனுக்கு அந்த வேலையைக் கடவுளே முடித்துவிட்டார். ஏன் இவனுக்கு மட்டும்? மெழுகா, வெந்நீரா, தினமும் எதிராளியின் நெஞ்சில் தலையால் இடிக்கிற இடியா? ஒரு விஷயம் தெரிய வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும். சீப்பில் வந்ததையெல்லாம் கழுவி, நூலால் கட்டி, எந்தப் போட்டி என்று சீட்டு எழுதி, ஒரு தேயிலை டப்பாவில் போட்டு வைத்தேன். காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. டப்பா மட்டும் நிறைந்தது.

ஜூர்யோ என்ற தட்டுக்கு ஏறினால்தான் மல்லனுக்குச் சம்பளம், தனி அறை, பட்டுக் கச்சை எல்லாம். அதுவரை எத்தனை வயதானாலும் எடுபிடிதான். இசோநாமி முப்பத்துமூன்றிலும் இருபது பேருக்குச் சமைத்து, பத்துப் பேரோடு ஒரே அறையில் படுத்தான். அவன் வைக்கும் மத்தி உருண்டைக் குழம்புக்காகவே பக்கத்துக் கூடத்துத் தடியன்கள் பயிற்சி என்று சாக்குச் சொல்லி வந்து உட்காருவார்கள். வாத்தியார் அவனிடம் ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "குடுமி நிக்கிற வரைக்கும் நீயும் நில்லு. அது நிக்கலேன்னா ஊருக்குக் கிளம்பு."

அந்த ஜனவரிப் போட்டியில் மூன்று வெற்றி, மூன்று தோல்வி. கடைசி ஆட்டம் அந்த ஜூர்யோ மேல்தட்டில் தடுமாறிக்கொண்டிருந்த தாகெமினேயோடு என்று பட்டியல் வந்தது. இருபத்திரண்டு வயது, மலை மாதிரி உடம்பு. இவன் வென்றால் இவன் மேலே, அவன் கீழே. தோற்றால் அடுத்த போட்டிவரை அந்தத் தலை தாங்காது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

மேல்தட்டு ஆளோடு மோதுகிறவன் அன்று ஒருநாள் அவர்களைப் போலவே விரிந்த இலைக்குடுமி வைத்துக்கொண்டு போகவேண்டும். அதற்கு முடி வேண்டாமா?

"அண்ணே, இலையா வருமா, வெங்காயத்தாளா வருமா?" என்றான் இசோநாமி.

"வாய மூடு."

டப்பாவைத் திறந்து ஒரு கொத்தை எடுத்து உள்ளே சொருகி, காகிதக் கயிற்றைப் பல்லில் கடித்து இறுக்கினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டான்.

"ஏதுண்ணே இது? யார் முடி?"

"செத்தவன் முடி. நிமிந்து உக்காரு."

விதியில் இதற்கு இடம் உண்டா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

மேடையில் ஏறினான். மோதுமுன் மல்லர்கள் கைநிறைய அள்ளி வீசுகிற உப்புக் கூடையில் கையை விட்டு, குழம்புக்குப் போடுகிற அளவுக்கு ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினான். அரங்கமே சிரித்தது. எனக்குக் காது கூசியது. பிறகு மோதினார்கள். இசோநாமி குனிந்து அடியில் புகுந்தான். தாகெமினே பின்னந்தலையில் ஓங்கி அமுக்கினான். எங்கள் ஆள் முழங்கையில் விழுந்தான். நடுவர் வென்றவனைக் காட்டும் விசிறியைத் தாகெமினே பக்கம் நீட்டினார்.

அப்போது கீழே உட்கார்ந்திருந்த நீதிபதி ஒருவர் கையைத் தூக்கினார். நீதிபதிகள் ஐந்து பேரும் மேடையேறினார்கள். தாகெமினே உள்ளங்கையை விரித்துத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். அதில் மெழுகோடு ஒட்டியபடி ஒரு கொத்து முடி. ஒட்டுமுடி என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவன் மானமும் போச்சு, என் வேலையும் போச்சு.

தலைமை நீதிபதி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "தாகெமினே குடுமியைப் பிடித்து இழுத்தார். விதிமீறல். வெற்றி இசோநாமிக்கே."

குடுமிப்பிடிச் சண்டை என்று வேடிக்கையாகச் சொல்வோம். அதிலேயே ஒருவன் கரையேறிவிட்டான்.

உடை மாற்றும் கூடத்தில் ஆளாளுக்கு அவன் முதுகில் தட்டினார்கள். தாகெமினே வந்து இடுப்புவரை குனிந்து, அந்தக் கொத்தை இரண்டு கையாலும் நீட்டினான். "மன்னிச்சிடுங்கண்ணே. வேணும்னு செய்யல. வலிச்சுதா?"

இசோநாமி அதை வாங்கிக்கொண்டான். தாகெமினே போனதும் என் பக்கம் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது.

"துளிகூட வலிக்கலண்ணே. எவனோ செத்தவன் முடி, எனக்கெப்படி வலிக்கும்? சின்னப் பையன் என்னால கீழ போறான். நான் போய் உள்ளதைச் சொல்லிடறேன்."

"சொல்லு. ஆனா உள்ளது என்னன்னு பாத்துட்டுச் சொல்லு."

டப்பாவை அவன் மடியில் கவிழ்த்தேன். நூல் கட்டிய கொத்துகள் உருண்டன. ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்தான். ஒசாகா, முழங்கால் உடைந்தது. நகோயா, ஏழு ஆட்டமும் தோல்வி. ஃபுகுவோகா, அப்பா இறந்தார், ஆட்டத்துக்கு வந்தான். ஏழு வருஷம்.

"எல்லாம்... என்னுதா?"

"உன் தலையில இருந்து என் சீப்புல வந்தது. புடிச்சது குடுமி, இழுத்தது குடுமி. இனி வேற எவன்கிட்ட என்னத்தைச் சொல்லப் போற?"

கொஞ்ச நேரம் கொத்துகளைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல், எதிர்ப்பக்க மல்லர்கள் உடை மாற்றும் கூடத்துக்கு நடந்தான். பின்னாலேயே ஓடினேன்.

தாகெமினே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இசோநாமி அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"தம்பி, வலிச்சுதான்னு கேட்டியே," என்றான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "வலிச்சுதுடா. ரொம்ப வலிச்சுது."